ஆர்எக்ஸ் 100 கார்புரேட்டர்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

"ட்யூனிங் போயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டு யாராவது யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தால் நான் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதில்லை, பிளக் ஸ்பேனரைத்தான் எடுப்பேன். பல வருடமாக இதே வண்டியை, இதே கோளாறுகளுக்காகத் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டியதில் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு: கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற பாகம்) கெட்டுவிட்டது என்று வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் கார்புரேட்டர் நன்றாகத்தான் இருக்கும். வழியில் நான்கு பேர் ஆளுக்கொரு பக்கம் ஸ்க்ரூவைத் திருகிவிட்டிருப்பார்கள், அதனால் உண்மையான பழுதோடு இன்னொரு பழுதும் சேர்ந்திருக்கும்.

இந்த வண்டி 1985இல் வந்து 1996இல் நின்றுபோனது. ரோட்டில் இருப்பவற்றில் இளையதற்கே வயது முப்பதை ஒட்டிவிட்டது, அதனால் உங்கள் வண்டியில் கம்பெனி போட்ட ஜெட்தான் (பெட்ரோலை அளந்து விடுகிற, துளை போட்ட பித்தளைத் துண்டு) இருக்கிறது, கம்பெனி கார்புரேட்டர்தான் இருக்கிறது என்று எதையும் நம்பிவிடாதீர்கள். ஒரிஜினல் என்றால் மிக்குனி வி.எம்.20. டூப்ளிகேட்டும் அதே உருவத்தில் கிடைக்கிறது, பல வண்டிகளில் அதுதான் உட்கார்ந்திருக்கிறது. வேறு டூ-ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்களும் இந்த முறையில் போகலாம், பெரும்பாலும் ஸ்க்ரூ இருக்கும் இடம்தான் மாறும்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். ரிச்சாக, அதாவது கலவையில் பெட்ரோல் கூடி ஓடினால் பிளக் போகும், லீனாக, அதாவது பெட்ரோல் குறைந்து ஓடினால் பிஸ்டன் போகும். நான்கு-ஸ்ட்ரோக் வண்டியில் லீனானால் சூடாகும், இழுவை குறையும், பெரும்பாலும் அவ்வளவுதான். இதில் பெட்ரோலோடுதான் ஆயிலும் உள்ளே போகிறது, சிலிண்டரைக் குளிர வைப்பதிலும் அந்தப் பெட்ரோலுக்குப் பங்கு உண்டு. எந்தப் பக்கம் என்று சந்தேகம் வந்தால் ரிச் பக்கமே நில்லுங்கள்.

## எதையும் திருகுவதற்கு முன்னால்

ஐடிலில் கலவைக்குப் போகிற காற்றை அளக்கிற ஏர் ஸ்க்ரூ இப்போது எத்தனை சுற்றில் இருக்கிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். மெதுவாக உள்ளே திருகிக்கொண்டே போய், அது லேசாகத் தட்டுகிற இடத்தில் நிறுத்த வேண்டும், இறுக்கினால் அதன் கூர் முனையும் கெடும், அது உட்காருகிற இடமும் கெடும். ஒன்றேகால் சுற்று, ஒன்றரைச் சுற்று, எதுவாக இருந்தாலும் அந்த எண்ணிக்கை உங்களிடம் இருந்தால் தவறு செய்தாலும் பழைய இடத்துக்குத் திரும்பிவிடலாம்.

அப்புறம் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். செங்கல் தூள், காபித்தூள் மாதிரி பழுப்பாக இருந்தால் கலவை சரி. கறுத்து ஈரமாக இருந்தால் ரிச். வெள்ளைச் சுண்ணாம்பு மாதிரி இருந்தால் லீன், அந்த வண்டியைக் காரணம் தெரியும் வரை வேகமாக ஓட்டாதீர்கள். புதிதாக மாட்டிய பிளக்கோ, இரண்டு நிமிடம் ஐடிலில் (ஆக்சிலேட்டரைத் தொடாமல் இன்ஜின் ஓடுகிற நிலை) நின்ற பிளக்கோ எதையும் சொல்லாது. நன்றாக ஓட்டி, ஆள் நடமாட்டம் இல்லாத நேரான ரோட்டில் மூன்றாவது கியரில் முழு ஆக்சிலேட்டரில் கொஞ்ச தூரம் போய், அதே நிலையிலேயே கிளட்சைப் பிடித்து இக்னிஷனை அணைத்து ஓரம் கட்டிக் கழற்றினால் அந்த நிறம் முழு ஆக்சிலேட்டரில் பெட்ரோல் விடுகிற மெயின் ஜெட்டைப் பற்றிப் பேசும்.

ஏர் ஃபில்டரையும் பாருங்கள். தூசி அடைத்திருந்தால் ரிச், ஃபில்டரே இல்லாமல் ஓடினால் லீன். சைலன்சருக்குள் இருக்கிற பேஃபிள் குழாயைப் பின்பக்க போல்ட்டை எடுத்து உருவிப் பாருங்கள், ஆயில் கரி தார் மாதிரி அடைத்திருந்தால் எந்த ஜெட் போட்டாலும் வண்டி விரியாது, முழு வேகம் எடுக்காது. கரியைச் சுரண்டிச் சுத்தம் செய்து மறுபடி மாட்டுங்கள். பேஃபிளைத் தூர எறிந்துவிட்டுச் சத்தத்துக்காக ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை: காற்றுப் போக்கு மாறிவிட்டது, பழைய ஜெட்டிங் இனி உங்கள் வண்டிக்குப் பொருந்தாது.

## காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை

பத்து கிக் அடித்துவிட்டுப் பிளக்கைக் கழற்றுங்கள். அடுத்து என்ன செய்வது என்பதை அந்தப் பிளக்தான் சொல்ல வேண்டும்.

### பிளக் காய்ந்திருக்கிறது

பெட்ரோல் சிலிண்டருக்கு வரவில்லை. டேங்க் அடியில் இருக்கிற பெட்ரோல் டேப் ஆனில் இருக்கிறதா, ரிசர்வில் போட்டால் வருகிறதா என்று பாருங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை, எல்லோருக்கும் நடப்பதுதான். கார்புரேட்டருக்குப் போகிற பெட்ரோல் பைப்பை உருவி ஒரு பாட்டிலுக்குள் விட்டு டேப்பைத் திறந்தால் தாரையாக விழ வேண்டும். சொட்டுச் சொட்டாக விழுந்தால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். மூடியைத் திறந்ததும் வேகம் பிடித்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. மூடி திறந்தும் சொட்டினால் டேப்புக்குள் இருக்கிற வலையில் டேங்க் துரு. இத்தனை வயதான டேங்கில் துரு இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பெட்ரோல் நன்றாக வந்தும் பிளக் காய்ந்திருந்தால் சோக்கைப் பாருங்கள். இந்தக் கார்புரேட்டரின் சோக் காற்றை அடைக்கிற தகடு அல்ல, தனியாக ஒரு வழியில் கூடுதல் பெட்ரோலை உறிஞ்ச விடுகிற குட்டிப் பிஸ்டன். ஸ்லைடு (ஆக்சிலேட்டரைத் திருகினால் மேலே ஏறி வழியைத் திறக்கிற உருளை) மூடியிருந்தால்தான் உறிஞ்சுகிற இழுவை கிடைக்கும். சோக்கைப் போட்டுவிட்டு ஆக்சிலேட்டரையும் திருகிக்கொண்டு கிக் அடிக்கிறவர்கள் அந்த இழுவையைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள். சோக் போடுங்கள், ஆக்சிலேட்டரில் கை வைக்காமல் கிக் அடியுங்கள். இதை மட்டும் சொல்லி அனுப்பி, ஒரு ஸ்பேனர்கூடத் தொடாமல் சரியான வண்டிகள் உண்டு.

அதற்கும் வராவிட்டால் கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கி நிற்கிற கப்பைக் கழற்ற வேண்டியதுதான். இரண்டு மாதம் நிறுத்தி வைத்த வண்டி என்றால் ஐடிலுக்குப் பெட்ரோல் விடுகிற ஸ்லோ ஜெட் அடைத்திருக்கும், அதைச் சுத்தம் செய்கிற விதம் அடுத்த பகுதியில் வருகிறது.

### பிளக் நனைந்திருக்கிறது

பெட்ரோல் வருகிறது, எரியவில்லை. பிளக்கில் கரன்ட் வருகிறதா பாருங்கள், கழற்றிய துளையின் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள், உள்ளே இருந்து பெட்ரோல் ஆவி வரும். தள்ளி வைத்து, இன்ஜின் உலோகத்தில் பிளக்கின் உடம்பு படும்படி பிடித்துக் கிக் அடியுங்கள். நீல வெள்ளையாகப் பட்டென்று வந்தால் நல்லது. சிவப்பாக மெலிந்து வந்தால் முதலில் புதுப் பிளக், அப்புறம் பிளக் கேப், அதன் பிறகுதான் காயில், சி.டி.ஐ. என்கிற இக்னிஷன் பெட்டி. விலை ஏறுகிற வரிசையும் இதுதான்.

கரன்ட் நன்றாக இருந்தால் இன்ஜின் பெட்ரோலில் மூழ்கியிருக்கிறது. டேப்பை மூடி, பிளக்கைக் கழற்றியபடியே, கேப்பை இன்ஜினில் எர்த் செய்து, முழு ஆக்சிலேட்டரில் பத்துப் பதினைந்து கிக் அடித்து உள்ளே இருப்பதை வெளியேற்றிவிட்டுக் காய்ந்த பிளக்கைப் போடுங்கள். மறுநாளும் இதே கதை என்றால் "பெட்ரோல் ஒழுகுகிறது" பகுதிக்குப் போங்கள்.

கிக்கரைக் கையால் அழுத்தினாலே வழுக்கிக்கொண்டு இறங்கினால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் இல்லை. அங்கே கார்புரேட்டரைத் தொட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம், போர், பிஸ்டன், ரிங் வேலை. மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

## ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலில் நிற்கவில்லை

சோக்கில் நிற்கிறது, சோக்கை எடுத்தால் அணைந்துவிடுகிறது என்றால் ஸ்லோ ஜெட்தான், கிட்டத்தட்ட நிச்சயம்.

கப்பைக் கழற்றினால் நடுவில் மெயின் ஜெட் தெரியும். பக்கத்தில் ஒரு குழிக்குள் இருப்பது ஸ்லோ ஜெட். அதன் தலை பித்தளை, மேலே மெல்லிய பிளவு. பிளவின் அகலத்துக்குச் சரியாகப் பொருந்துகிற ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் தொடாதீர்கள், தலை உடைந்தால் அப்புறம் அந்தக் கார்புரேட்டரோடு போராட வேண்டியிருக்கும். கழற்றிய ஜெட்டை வானத்தை நோக்கிப் பிடித்து ஒரு கண்ணால் பாருங்கள். முடி கனத்துக்கு ஒரு வெளிச்சப் புள்ளி, சுத்தமான வட்டமாகத் தெரிய வேண்டும். மங்கலாகத் தெரிந்தாலோ ஓரம் பிசிறாகத் தெரிந்தாலோ உள்ளே காய்ந்த பெட்ரோல் பிசின் ஒட்டியிருக்கிறது.

இங்கேதான் நம் ஊரில் எல்லோரும் ஸ்டவ் பின்னைத் தேடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். பித்தளை மென்மையானது, பின் இரும்பு. ஒரு முறை குத்தினாலே துளை ஒரு நூல் பெரிதாகிவிடும், ஜெட்டின் தலையில் எழுதியிருக்கிற நம்பர் அதோடு பொய்யாகிவிடும். கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடித்துச் சிறிது நேரம் ஊறவிட்டு, காற்று பிடிக்கிற கடையில் ஏர் அடியுங்கள். மிஞ்சிப்போனால் துணி பிரஷின் ஒரு நைலான் இழை போதும். கார்புரேட்டர் உடம்புக்குள் இருக்கிற வழிக்கும் ஏர் அடிக்க வேண்டும், அடிக்கும் முன் ஏர் ஸ்க்ரூவையும் அதன் ஸ்ப்ரிங்கையும் கழற்றிப் பத்திரமாக வையுங்கள். தின்னரில் முழுக் கார்புரேட்டரையும் ஊறப்போடுவதும் வேண்டாம், ரப்பர் பாகங்கள் உப்பிவிடும்.

எல்லாம் மாட்டிய பிறகு ட்யூனிங். மூன்று நான்கு கிலோமீட்டர் ஓட்டி வண்டியைச் சூடாக்குங்கள், குளிர்ந்த இன்ஜினில் செய்த ட்யூனிங் வீடு போய்ச் சேருவதற்குள் மாறிவிடும். ஸ்லைடைத் தூக்குகிற பெரிய ஸ்க்ரூவைத் திருகி ஐடிலைக் கொஞ்சம் உயர்த்திவையுங்கள். ஏர் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று வெளியில் வைத்துத் தொடங்குங்கள். உள்ளே திருகினால் ரிச், வெளியே எடுத்தால் லீன். கால் சுற்றாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் இன்ஜினுக்குப் பத்து வினாடி கொடுத்து, சத்தம் எங்கே அதிகம் ஏறுகிறதோ அந்த இடத்தைப் பிடியுங்கள். ஐடில் மிகவும் ஏறிவிட்டால் பெரிய ஸ்க்ரூவால் இறக்கி மறுபடியும் தேடுங்கள். காதால்தான் பிடிக்க வேண்டும், இரண்டு மூன்று முறை செய்தால் பழகிவிடும்.

நல்ல இடம் ஒரு சுற்றுக்கும் உள்ளே கிடைத்தால் ஸ்லோ ஜெட் இன்னும் முழுசாகச் சுத்தமாகவில்லை, அல்லது நம்பர் சின்னது, அல்லது எங்கேயோ ஓட்டை வழியாகத் திருட்டுக் காற்று போகிறது. இரண்டரைக்கும் வெளியே போய்த்தான் கிடைக்கிறது என்றால் நம்பர் பெரியது, அல்லது யாரோ ஏற்கனவே ஸ்டவ் பின் போட்டிருக்கிறார்கள்.

## ஐடில் இறங்க மாட்டேன் என்கிறது

இந்த ஒரு அறிகுறியை மட்டும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் "ங்ங்ங்" என்று மேலேயே நின்று மெதுவாக இறங்கினால் பெரும்பாலும் லீன், அதுவும் எங்கோ காற்று கசிவதால்.

முதலில் கேபிள். ஸ்டார்ட்டில் வைத்து ஹேண்டில்பாரை இடது கோடி, வலது கோடி திருப்புங்கள், சத்தம் மாறினால் கேபிள் இறுக்கம் அல்லது எங்கோ மாட்டியிருக்கிறது. அடுத்து ஸ்லைடு. யாராவது சமீபத்தில் கார்புரேட்டரைக் கழற்றியிருந்தால் ஸ்லைடைத் திருப்பிப் போட்டிருக்கலாம். அதன் அடியில் சாய்வாக வெட்டிய பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும், இன்ஜினைப் பார்த்தால் ஸ்டார்ட் ஆனதுமே கத்தும்.

இரண்டும் சரி என்றால் கசிவைத் தேடுங்கள். ஐடிலில் விட்டு, கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கிற இணைப்பைச் சுற்றி, ரீட் வால்வு (கலவையை இன்ஜினுக்குள் விட்டுத் திரும்பி வராமல் தடுக்கிற தகடு) உட்காருகிற பேக்கிங்கைச் சுற்றி, கார்ப் கிளீனரைக் கொஞ்சமாக அடியுங்கள். சத்தம் மாறுகிற இடம்தான் ஓட்டை. சூடான சைலன்சர் பக்கம் அடிக்காதீர்கள், தீப்பிடிக்கும். இணைப்பு ரப்பரைக் கையால் வளைத்தும் பாருங்கள், மேலே பார்க்க நன்றாக இருக்கும், வளைத்தால் உள்மடிப்பில் கத்தி கீறியது மாதிரி வெடிப்பு தெரியும். சிலிக்கான் பேஸ்ட் தடவி ஒட்டுவது நிற்காது, பெட்ரோல் அதைக் கரைத்துவிடும், துணுக்குகள் உள்ளேயும் போகும். புது ரப்பர், புதுப் பேக்கிங் போடுங்கள்.

வெளியே எங்கும் கசிவு இல்லை, ஆனாலும் ஐடில் தொங்குகிறது என்றால் இடது பக்கம் மேக்னட்டுக்குப் (கரன்ட் உண்டாக்குகிற காந்தச் சக்கரம்) பின்னால் இருக்கிற கிராங்க் ஆயில் சீல். இதை வீட்டில் செய்யாதீர்கள். மேக்னட்டைக் கழற்ற அதற்கென்று புல்லர் வேண்டும், சுத்தியலால் தட்டிக் கழற்றி கிராங்க்கை வளைத்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சீல் மாற்றும்போது கிராங்க்கில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், ஆட்டம் இருந்தால் புது சீலும் சீக்கிரமே போய்விடும்.

நின்றுகொண்டிருக்கும்போதே இன்ஜின் தானாக வேகம் எடுத்துக் கத்த ஆரம்பித்தால் சாவியை அணையுங்கள், அப்படியும் நிற்காவிட்டால் சோக்கை முழுசாகப் போடுங்கள். அதுவும் போதாவிட்டால் முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் அழுத்திப் பிடித்து டாப் கியரில் கிளட்சை விட்டு அணையுங்கள்.

## ஆக்சிலேட்டரைத் திருகியவுடன் அமுங்குகிறது

சிக்னலில் இருந்து கிளம்பும்போது ஒரு நொடி செத்துவிட்டு அப்புறம் இழுக்கிறது. லீனா ரிச்சா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் எதிர்ப்பக்கமாகத் திருகிக்கொண்டிருப்பீர்கள்.

லீன் அமுக்கத்தில் சத்தமே இருக்காது, காற்றுப் போன மாதிரி "ஹூ" என்று ஒரு வெறுமை. ரிச் அமுக்கத்தில் "பர்ர்ர்" என்று தொண்டையில் சளி கட்டிய மாதிரி, புகையும் வரும். காது பிடிபடவில்லை என்றால் சோக்கைக் கொஞ்சமாகத் தூக்கி ஓட்டிப் பாருங்கள். நன்றாகிவிட்டால் லீன், இன்னும் மோசமானால் ரிச். பணம் செலவில்லாத சோதனை, பொய் சொல்லாது.

### லீன் என்றால்

ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே. போதாவிட்டால் ஸ்லோ ஜெட் சுத்தம். அதுவும் சரி என்றால் ஸ்லைடில் தொங்குகிற ஊசியை ஒரு படி தூக்குங்கள். ஊசியின் தலையில் வரிசையாகப் பள்ளங்கள் இருக்கும், அதில் ஒன்றில் கிளிப் மாட்டியிருக்கும். கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி மேலே ஏறும், ரிச் ஆகும். இதைத்தான் முக்கால்வாசிப் பேர் மாற்றிச் செய்கிறார்கள், கிளிப்பை மேலே ஏற்றிவிட்டு ரிச் பண்ணியதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்று இருக்கிறது. ஏர் ஃபில்டர் பைப்பை உருவிவிட்டு ஐடிலில் கார்புரேட்டர் வாய்க்கு நேரே பக்கவாட்டில் இருந்து பாருங்கள். பெட்ரோல் புகை மாதிரி வெளியே துப்பிக்கொண்டே இருந்தால் ரீட் வால்வு மூடவில்லை. அதைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் மெல்லிய தகடுகள் சட்டத்தோடு ஒட்டி உட்கார்ந்திருக்க வேண்டும், முனையில் ஒளிக்கீற்று தெரியக் கூடாது. தகட்டின் மூலை ஒரு துளி உடைந்திருந்தால் அந்தத் துண்டு எங்கே போனது என்று யோசியுங்கள். உள்ளேதான் போயிருக்கும், அந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

### ரிச் என்றால்

ஏர் ஃபில்டர், அப்புறம் சோக். சோக் லீவரை இறக்கிவிட்டாலும் உள்ளே அந்தக் குட்டிப் பிஸ்டனின் அடி ரப்பர் தேய்ந்திருந்தால் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் கசிந்துகொண்டே இருக்கும், பாதி சோக்கில் ஓடுகிற மாதிரிதான். அதற்கும் பிறகு ஏர் ஸ்க்ரூ கால் சுற்று வெளியே.

## ஒரே வேகத்தில் பிடித்தால் முன்னும் பின்னும் இழுக்கிறது

நாற்பதில் பிடித்து ஓட்டினால் யாரோ பின்னால் இருந்து இழுத்து இழுத்து விடுகிற மாதிரி இருக்கும். ஊசிப் பகுதி லீன், கிளிப் ஒரு படி கீழே. மாறாக "பர்ர்" என்று மிஸ்ஸிங் அடித்தால் ஊசியும் அது நுழைகிற குழாயும் தேய்ந்திருக்கின்றன. ஊசியை வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள், ஒரு பக்கம் பளபளப்பாகத் தட்டையாகியிருந்தால் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றிப் பயனில்லை.

## ஆக்சிலேட்டரை முழுசாகத் திருகினால் விரியவில்லை

### சிறிது தூரம் நன்றாகப் போய் அப்புறம் அடங்குகிறது

கப்பில் இருக்கிற பெட்ரோல் தீர்வதற்குள் புதிது வந்து சேரவில்லை. டேங்க் மூடி, டேப் வலை, பைப் மடிப்பு, கப் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கிற மிதவை பின்னின் வழி, இந்த வரிசையில் பாருங்கள். மெயின் ஜெட்டைத் தொட வேண்டாம்.

### எப்போதுமே மேலே போகவில்லை

ஆக்சிலேட்டரை முழுசில் இருந்து கொஞ்சம் விட்டுப் பாருங்கள். விட்டதும் வேகம் பிடித்தால் லீன், மெயின் ஜெட் அடைப்பு அல்லது சின்ன நம்பர். ரிச் என்று சந்தேகம் இருந்தால் வேறொரு சோதனை: நல்ல ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போது டேப்பை மூடிவிடுங்கள். கப்பில் மட்டம் இறங்க இறங்க, அணைவதற்கு முன் சில வினாடிகள் இன்ஜின் திடீரென்று சுத்தமாக, கூர்மையாக இழுத்தால் இத்தனை நேரம் ரிச்சாக ஓடியிருக்கிறது. அந்த மாற்றத்தை உணர்ந்த உடனே ஆக்சிலேட்டரை விட்டுவிடுங்கள், லீனில் முழு வேகத்தில் ஒரு நொடியும் வைக்காதீர்கள். டேப்பைத் திறக்க மறக்காதீர்கள்.

ஜெட் மாற்றும்போது ஒரு நம்பருக்கு மேல் ஒரே தடவையில் தாவாதீர்கள், பெரிய நம்பரில் இருந்து தொடங்கி கீழே வாருங்கள். வேகச் சோதனை செய்யும்போதெல்லாம் இரண்டு விரல் கிளட்ச் மேல் இருக்கட்டும். இன்ஜின் இறுகப்போகிறது, அதாவது பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளப்போகிறது என்றால் முதலில் யாரோ லேசாகப் பிரேக் பிடித்த மாதிரி ஒரு தயக்கம் வரும். அந்த நொடியில் கிளட்சைப் பிடித்தால் நீங்களும் தப்பிப்பீர்கள், சிலிண்டரும் தப்பிக்க வாய்ப்பு உண்டு.

ஆயில் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆயிலைத் தனியாக இன்ஜினுக்கு ஊட்டுகிற பம்பை நீக்கிவிட்டுப் பெட்ரோலில் கலந்து ஓட்டுபவர்கள், பாதுகாப்பு என்று நினைத்து ஆயிலை இரண்டு மடங்கு ஊற்றுகிறார்கள். லிட்டருக்கு 20 மில்லி என்றால் ஐம்பதுக்கு ஒன்று, 40 என்றால் இருபத்தைந்துக்கு ஒன்று. ஜெட் வழியே போகிற கலவையில் ஆயில் கூடினால் பெட்ரோல் குறைகிறது, அதாவது லீன் பக்கம் நகர்கிறது. ஒரு அளவை முடிவு செய்து அதிலேயே நின்று ட்யூன் செய்யுங்கள். பெட்ரோல் பங்கில் இப்போது போடுகிற 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலும் அதே பக்கம்தான் தள்ளும், எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. பழைய பெட்ரோலில் கச்சிதமாக இருந்த ஜெட்டிங் இப்போது பிளக்கை வெளுக்க வைத்தால் ஆச்சரியப்பட வேண்டாம், ஒரு நம்பர் ஏற்றுங்கள்.

## பெட்ரோல் ஒழுகுகிறது

ஓவர்ஃப்ளோ குழாயில் இருந்து சொட்டினால் கார்புரேட்டர் உடம்பை ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் மெதுவாக இரண்டு தட்டு தட்டுங்கள். தூசி மாட்டியிருந்தால் நின்றுவிடும். நின்றாலும் அன்று மாலை கப்பைக் கழற்றிப் பாருங்கள், அடியில் செங்காவி நிறத்தில் மாவு மாதிரி படிந்திருந்தால் அது டேங்க் துரு, டேங்கைச் சுத்தம் செய்யாமல் இது தீராது. டேப்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் ஒரு சின்ன ஃபில்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

தூசி இல்லை என்றால் மிதவையின் பின். அதன் கூர்முனையில் வளையம் மாதிரி தழும்பு விழுந்திருந்தால் மாற்ற வேண்டும். மிதவையைக் காதருகே வைத்து ஆட்டுங்கள், உள்ளே பெட்ரோல் குலுங்கினால் அது மூழ்கிவிட்டது. கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, மிதவையின் நாக்கு பின்னை லேசாகத் தொடும் நிலையில், மிதவை இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில், உடம்பின் விளிம்புக்கு இணையாக நிற்கிறதா பாருங்கள். மட்டம் மாற்ற நாக்கை ஒரு நூல் வளைத்தால் போதும். இரவில் டேப்பை மூடி வைக்கிற பழக்கம் இல்லாவிட்டால் இந்தக் கசிவு சிலிண்டருக்குள்ளேயே இறங்கிவிடும்.

## புகை

காலையில் முதல் இரண்டு நிமிடம் புகைவது டூ-ஸ்ட்ரோக்கின் இயல்பு. சூடான பிறகும் நீலமாகப் புகைந்தால் ஆயில் அளவு அல்லது பம்ப் செட்டிங். வெள்ளையாக, தெருவையே மறைக்கிற மாதிரி, தீய்ந்த வாடையோடு புகைந்தால் கியர் ஆயிலின் அளவைப் பாருங்கள். ஊற்ற ஊற்றக் குறைந்துகொண்டே போனால் கிளட்ச் பக்க கிராங்க் சீல் போய், இன்ஜின் கியர் ஆயிலைக் குடிக்கிறது. எந்த ஸ்க்ரூவும் இதைச் சரிசெய்யாது, மெக்கானிக் வேலை.

## ஊட்டிக்குப் போனால் மந்தமாகிறது

ஊட்டி சுமார் 2,240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிட 20 சதவீதம் போலக் குறைவு, பெட்ரோல் அதே ஜெட்டில் வருகிறது, அதனால் ரிச்சாகி மந்தமாகும். ஒரு நாள் போய் வருபவர்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், அதிகபட்சம் ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று வெளியே எடுத்து, இறங்கும்போது பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

மலையில் ஓடியே பழகிய வண்டியை வாங்கிக் கீழே கொண்டுவருபவர்கள்தான் கவனிக்க வேண்டும். கோயம்புத்தூருக்கு அப்படி வந்த ஒரு வண்டியை நான் பிரித்தேன். மேலே பிக்கப் நன்றாக இருக்கட்டும் என்று மெயின் ஜெட்டைக் குறைத்திருக்கிறார்கள், விற்றவர் அதைச் சொல்லவில்லை, வாங்கிய பையனுக்குக் கேட்கத் தெரியவில்லை. நான்காம் நாள் அவிநாசி ரோட்டில் முழு வேகத்தில் போகும்போது இறுகிவிட்டது. பிஸ்டனை எடுத்தபோது சைலன்சர் பக்கம் மட்டும் நகத்தால் பிறாண்டியது மாதிரி நான்கு செங்குத்துக் கோடுகள், அதில் விரல் வைத்தால் அலுமினியம் இழுபட்டு ஓரம் எழும்பியிருந்தது. மறுபக்கம் புதுசு மாதிரி இருந்தது. பையனுக்கு அடி ஒன்றும் இல்லை, அதுதான் நல்ல செய்தி.

பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டுபவர்கள் இறக்கத்திலும் கவனமாக இருங்கள். குன்னூரில் இருந்து கல்லாறு வரை ஆக்சிலேட்டரை மூடி, கியரில் பிடித்துக்கொண்டே இறங்கினால் இன்ஜின் வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் ஆயில் போகவில்லை. அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஒரு திருகு திருகிவிட்டு இறங்குங்கள்.

## மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது

சீல், கிராங்க், போர், உள்ளே போன ரீட் துண்டு, உடைந்த ஜெட் தலை, ஸ்லைடு ஆடுகிற அளவுக்குத் தேய்ந்த கார்புரேட்டர் உடம்பு, இவை எல்லாம் அவர் வேலை. கொடுக்கும்போது "ட்யூனிங் பண்ணுங்கண்ணே" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த நேரத்தில், எவ்வளவு திருகினால், சூடாக இருக்கும்போதா குளிர்ந்திருக்கும்போதா, சோக் போட்டால் என்ன ஆகிறது, இந்த நான்கையும் சொல்லுங்கள், கழற்றிய பிளக்கையும் துடைக்காமல் கையில் கொடுங்கள். ஜெட் மாற்றினால் பழைய ஜெட்டைக் கேட்டு வாங்கி, இரண்டின் நம்பரையும் ஒரு சீட்டில் எழுதி டூல் கிட்டில் போட்டு வையுங்கள். அடுத்து அந்த வண்டியை வாங்குகிறவருக்கு அந்தச் சீட்டையும் கொடுங்கள்.